பப்பாளிக் காம்பும் மூன்றாவது பிளக்கும்

பப்பாளிக் காம்பு பிளக்கின் தலையைக் கவ்விக்கொண்டு தொங்கியதே, அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது.

காலாண்டு லீவு. எங்கள் மில்லின் பின்பக்கம், கார் கொட்டகையை ஒட்டி நின்ற மரத்தில் இலை ஒடித்து, காம்பை இரண்டு முனையும் நறுக்கிப் பீப்பீ ஊதிக்கொண்டிருந்தேன். பால் உதட்டில் பட்டு அரித்தது. ஊதி அலுத்து, காம்பைக் கொட்டகைச் சுவர்மேல் கிடந்த, காரில் கழித்த ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கின்மேல் சும்மா அழுத்தினேன். இழுத்தேன். பிளக்கும் கூடவே வந்தது. ஆட்டினேன், விழவில்லை. காம்பைத் திருகினேன், பிளக்கும் திருகியது. பிளக்கை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருகினால் காம்பு மட்டும் வழுக்கிச் சுற்றியது.

"டிரைவரு ஒழிஞ்சிது" என்று வாய்விட்டே சொன்னேன். எனக்குப் பதினோரு வயது.

திண்டிவனம் ஹாஸ்டலில் என்னோடு ஒரே வரிசையில் பாய் போட்டவர்களே, போன மாதம் எல்லோரும் கூடினோமே, அப்போதும் நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள். "பப்பாளிக் குழாய வெச்சிக் கார் ரிப்பேர் பண்ணவளாச்சே இவ!" கை தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டு பஜ்ஜியைத் தின்றேன். அந்தக் கதையை உங்களுக்குச் சொன்னவள் நான்தான். பாதியில் நிறுத்தியவளும் நான்தான். மீதிப் பாதி இது.

காரை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். திங்கட்கிழமை காலையில் என்னை ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிடுமே, சாம்பல் நிறத்தில், மூக்கு உருண்டையாக ஒன்று. பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயம் அப்பா வாங்கியது. விழுப்புரத்தில் அப்போது ஓடிய மற்ற கார்களில் பானெட்டைத் தூக்கினால் பிளக்கு நாலும் கண்ணுக்கு எதிரே நிற்கும். இதில் தெரியாது. இன்ஜின் தலையில் நாலு குழி. ஒவ்வொன்றும் என் முழங்கை ஆழம். அடியில், இருட்டில் பிளக்கு. விரல் எட்டாது. இடுக்கி உள்ளே போனால் விரிக்க இடமில்லை. காரோடு வந்த குழாய் ஸ்பேனரின் வாயில் பிளக்கைக் கவ்விப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்கிறது. எங்களிடம் வரும்போதே அது இற்றுப்போயிருந்தது. ஸ்பேனர் பிளக்கைத் தளர்த்தும், இறுக்கும். மேலே தூக்காது, கீழே இறக்கித் திருகு மரையில் உட்காரவைக்காது.

அதுவோ ஆயில் குடிக்கிற வண்டி. வாரம் தவறாமல் பிளக்கு கரி பிடித்து, இருமி, நின்றுவிடும்.

டிரைவர் முகையூர்ப் பக்கத்து ஆள். எங்கள் மல்லாட்டை மில்லில் வேர்க்கடலை மூட்டை தூக்க வந்து, லாரியில் கிளீனராகி, பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். 'அவர்' என்று எனக்கு இப்போதுதான் எழுத வருகிறது. அப்பாவுக்கு அவர் "டேய்". என் அப்பா வயதுள்ள அவரை நான் "ஏய் டிரைவரு, வா, போ" என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் பாப்பா.

முதல் தடவை வண்டி நின்றது விக்கிரவாண்டி தாண்டி. பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டு அவர் புளியமரத்தடியில் போய்க் குந்தினார்.

"இன்னாடா குந்திக்கினே?" என்றார் அப்பா.

"ஆறட்டுங்க மொதலாளி. ஒரு மணி நேரம் சும்மா வுட்டுட்டு..."

'சும்மா' என்ற சொல் அப்பா காதில் விழுந்ததுதான் தாமதம், குடைக்காம்பு டிரைவர் தோளில் இறங்கியது. கூலி வாங்குகிற ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அப்பாவுக்கு ஆகாது. மில்லில் யாராவது மூட்டைமேல் சாய்ந்தால், சத்தமில்லாமல் பின்னால் போய் அடி மூட்டையை உருவுவார். ஆள் மல்லாந்து விழுவான். அப்பா சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

அடுத்த தடவையிலிருந்து படுதா வந்தது. மல்லாட்டை காயவைக்கிற பழைய படுதா, எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும். அதைப் பானெட்டிலிருந்து இரண்டு பக்கமும் கூடாரம் மாதிரி தொங்கவிட்டு, "யாரும் கிட்ட வராதீங்க, கரண்டு அடிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். உள்ளேயிருந்து டங், டங் என்று இரும்புச் சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி டங். ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் வேர்வையும் கரியுமாக வெளியே வருவார், கையில் நாலு பிளக்கு. துடைத்துத் தேய்த்து மறுபடி உள்ளே போய் மாட்டிவிட்டு வருவார். வண்டி பூனை மாதிரி உறுமும்.

"எப்படிடா எடுக்கறே அத?" என்று அப்பா கேட்டால், "கைவாக்குங்க" என்பார்.

டவுனில் இரண்டு மெக்கானிக்குகள் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனார்கள். அதனால் அந்த வண்டிக்கு அவர் ஒருத்தர்தான் என்று ஆயிற்று. அந்தப் பேரால்தான் கொட்டகைக்குப் பின்னால் ஓடு போட்ட அறை அவருக்குக் கிடைத்தது. அதில் அவர் வீட்டம்மாவும், நான் போட்டுக் கழித்த பாவாடையோடு என் வயதில் ஒரு பெண்ணும். குழிக்குள்ளிருந்து பிளக்கை எடுக்க அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும் என்கிற வரைக்கும் அந்த ஓட்டுக்கடியில் அவர்கள் மூன்று பேரும் இருக்கலாம். இது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

காம்பு தொங்கிய அன்று சாயங்காலம் வரை நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. தடித்த காம்பு, மெலிந்த காம்பு, பழுத்த இலையின் காம்பு என்று பதினைந்து ஒடித்தேன். பச்சைதான் சரி, பழுத்தது நசுங்கிவிடுகிறது. நடுப்பாகம்தான் சரி, அடி அகலம், நுனி ஒடுக்கம். முனையில் பால் கசிந்தால் இன்னும் நல்லது, பிசின் மாதிரிப் பிடிக்கிறது. மரத்தில் முக்கால்வாசி மொட்டை. அம்மா திட்டினாள். எனக்குக் காதில் ஏறவில்லை.

மறுநாள் அப்பா காணையில் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வண்டி மில் வாசலுக்கு இருமிக்கொண்டே வந்து நின்றது. படுதா இறங்கியது. டங், டங். நான் பின்பக்கமாகப் போய் மண்ணில் படுத்து, படுதாவின் ஓரத்தை இரண்டு விரல் தூக்கிப் பார்த்தேன்.

டிரைவர் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வாயில் பீடி. காதில் அரை முழம் சிவப்பு ரப்பர் குழாய், ஆஸ்பத்திரியில் எனிமா டப்பாவில் தொங்குமே அது, பென்சில் மாதிரிச் சொருகியிருந்தது. ஒரு கையால் ஸ்பேனரை எடுத்துப் பம்பரில் டங் என்று ஒரு தட்டு. பீடி ஒரு இழுப்பு. மறுபடி ஒரு தட்டு. நடுநடுவே எழுந்து உள்ளங்கையை இன்ஜின் தலைமேல் வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆக, அவரிடம் இரண்டு ரகசியம் இருந்தது. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: என் காம்பு செய்கிற வேலையை அவருக்கு அந்தக் குழாய் செய்கிறது.

"அப்பா! ஒண்ணுமே பண்லப்பா! குந்திக்கினு பீடி குடிக்கிது! சும்மா தட்டுது!"

அப்பா படுதாவை ஒரே இழுப்பில் உருவினார். டிரைவர் எழுந்த வேகத்தில் டின் உருண்டது. குழாய் காதிலிருந்து விழுந்தது. மில்லில் உரித்துக்கொண்டிருந்தவர்கள், சலித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"இதாண்டா கைவாக்கு?" கணக்குப்பிள்ளை குழாயைக் காலால் புரட்டினார். "எனிமா குடுக்கற வைத்தியருகிட்ட வித்தை கத்துக்கினான்போல!"

சிரிப்பு. நான் இன்னும் உரக்க, "இதுகூட வாணாம்ப்பா, நான் பண்றேன் பாரு" என்று காம்பை எடுத்தேன்.

என்னை ஸ்டூல்மேல் ஏற்றினார்கள். பானெட்டைத் தாங்கும் கம்பி இருந்தும், அப்பா டிரைவரைக் கூப்பிட்டு, "நீ புடிச்சிக்கினு நில்லு. கத்துக்கோ" என்றார். அவர் தலைக்கு மேல் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஜினிலிருந்து அடுப்படி மாதிரி அனல் வந்தது.

"பாப்பா, ஆறட்டும்" என்றார், தணிந்த குரலில். "சூடு பாப்பா."

"என் கையி ஒண்ணும் சுடாது" என்றேன்.

என் விரலைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பா வேறு மாதிரி நினைத்தார். "இன்னாடா ஆறணும்? ஒன் பீடியா?"

"இல்லீங்க, அது அலுமினிய..."

"வாய மூடிக்கினு புட்றா."

முதல் பிளக்கு. ஸ்பேனரைக் குழிக்குள் விட்டு, அதன் குறுக்குக் கம்பியில் இரண்டு கையாலும் தொங்கித் தளர்த்தினேன். காம்பை இறக்கினேன், அழுத்தினேன், சுற்றினேன், தூக்கினேன். பச்சைப் பப்பாளி வேகிற வாடையோடு பிளக்கு வெளியே வந்தது. கைதட்டல். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது கறகறவென்று அரைத்துக்கொண்டு திரும்பியது. பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி ஒரு கூச்சம் கம்பி வழியாக என் தோள் வரைக்கும் ஏறியது. வெளியே எடுத்துப் பார்த்தால், பிளக்கின் மரையில் வெள்ளிச் சரிகை மாதிரி சுருள் சுருளாக ஏதோ சுற்றியிருந்தது. அழகாக இருந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் பாவாடையில் துடைத்துவிட்டு நாலாவதற்குப் போனேன்.

திருப்பி மாட்டும்போது மூன்றாவது குழியில் காம்பு வழுக்கிச் சுற்றியது. மரை பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிளக்கு கோணலாக உட்கார்ந்தால் காம்பு தானே விட்டுக்கொடுத்துவிடும், மரை கெடாது. அதுதானே என் கண்டுபிடிப்பின் பெருமையே! காம்பு சொன்னது. எனக்கும் கேட்டது. ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனரை உள்ளே விட்டு முழு பலத்தோடு முறுக்கினேன். ஏறிவிட்டது.

வண்டி கிளம்பியது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"பொட்டப்புள்ள பத்து நிமிசத்துல பண்ற வேலைக்கு இவனுக்கு வீடு வேற! காக்கிய கழட்டுடா."

மில் கொடுத்த காக்கிச் சட்டை. அவர் அங்கேயே கழற்றினார். அப்பா அதை மடித்துத் தரச் சொன்னார். மடிப்பு கோணல் என்று மறுபடி மடிக்கச் சொன்னார். கிழிந்த பனியனோடு அவர் மூன்றாவது தடவை மடிக்கும்போது, அவரோடு முன்பு மூட்டை தூக்கியவர்கள்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அறை காலியாகிவிட்டது. அந்தப் பெண் என் பழைய பாவாடையில் எதையோ மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள். சிவப்புக் குழாய் மண்ணில் கிடந்தது. அதில் நான் கவண் செய்தேன்.

லீவு முடிந்தது. புது டிரைவர் ஓட்ட, நானும் அப்பாவும் திண்டிவனத்துக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி தாண்டி அதே புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பானெட் உள்ளேயிருந்து மேல் நோக்கிக் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்தது. மூன்றாவது பிளக்கு குழியிலிருந்து பிய்த்துக்கொண்டு எகிறியிருந்தது.

மிச்ச மூன்று பிளக்கில் நொண்டிக்கொண்டே வண்டி விழுப்புரம் திரும்பியது. டவுன் மெக்கானிக் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"தல அலுமினியம் மொதலாளி. சூட்ல மெத்துனு கெடக்கும். அப்ப திருப்புனா மரையெல்லாம் பிளக்கோட உரிஞ்சிக்கினு வந்துடும். நல்லா ஆற வெச்சித்தான் தொடணும், ஒரு மணி நேரமாவது. தெரிஞ்சவன் எவனும் இதப் பண்ண மாட்டான்."

"தெரிஞ்சிதான் பண்ணிட்டுப் போயிருக்கான்" என்றார் அப்பா.

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. படுதா, டின், பீடி, டங் டங், உள்ளங்கை. சும்மா இருப்பதுதான் அந்த வேலையில் பாதி. அப்பா கண்ணெதிரே சும்மா இருக்க முடியாது என்பதால் அந்த மனுஷர் அதற்கொரு திரை கட்டி, சத்தம் சேர்த்து, வேலை மாதிரி காட்டியிருக்கிறார். எனக்கு விளங்கியது. வாய் திறக்கவில்லை.

முகையூருக்கு லாரியில் நாலு பேர் போனார்கள். டிரைவரை மறுநாள் காலையில் மில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"போறப்ப இன்னாடா பண்ணே?"

"நான் தொடவே இல்லீங்க மொதலாளி. அன்னிக்கி பானெட்டத்தான் புடிச்சிக்கினு நின்னேன். பாப்பாவுக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பார்வையில் கோபம் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று முழுசாக நம்புகிற முகம்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"சூடு சூடுன்னு சொன்னியே" என்றார் அப்பா. "எம்மாஞ் சூடுன்னு நீயே பாரு."

வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மூன்று பிளக்கில் அது உதறிக்கொண்டு ஓடியது. இன்ஜின் தலை நன்றாகச் சூடேறிக் காய அரை மணி நேரம் ஆயிற்று. தோழிகளே, நான் மறக்காதது அந்த அரை மணியைத்தான். வண்டி ஆறுவதற்கு ஒரு நிமிஷம் பொறுக்காத அத்தனை பேரும், காய்வதற்குச் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். யாரோ டீ வாங்கிவந்தார்கள். அப்பா உட்கார்ந்தே இருந்தார்.

பிறகு இரண்டு பேர் அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை இன்ஜின் தலைமேல் அழுத்தினார்கள். கணக்குப்பிள்ளையை எண்ணச் சொன்னார் அப்பா. அவருக்கு மரக்கால் போட்டு அளந்த பழக்கம். முதல் மரக்காலை 'லாபம்' என்றுதான் எண்ணுவார், ஒன்று என்று தொடங்க வராது.

"லாபம்..." என்று ஆரம்பித்தார். "ரெண்டு... மூணு..."

பத்து வரைக்கும் எண்ணினார். நிதானமாக, அளவு குறையாமல். டிரைவர் 'ஐயோ' என்று சொல்லவில்லை. ஏழு வரும்போது, "ஆறட்டும், ஆறட்டும்" என்று முணுமுணுத்தார், யாரிடம் என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் வெளுத்து உப்பியிருந்தது. அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அந்த வாரமே ஹாஸ்டலுக்கு வந்து, விளக்கு அணைக்கிற மணி அடிக்கும் வரை உங்களுக்குப் பப்பாளிக் கதை சொன்னேன். நீங்கள் ஒன்ஸ்மோர் கேட்டீர்கள். மறுநாளும் சொன்னேன்.

வண்டி பாண்டிச்சேரி போய், மூன்று மாதம் அங்கேயே கிடந்து, மூன்றாவது குழியில் புது மரைக்குப் பித்தளை புஷ் போட்டுக்கொண்டு பொங்கலை ஒட்டித்தான் திரும்பியது. பொங்கல் லீவுக்கு நான் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், பழையபடி கரி பிடித்து இருமிக்கொண்டு மில் வாசலில் நின்றது. புது டிரைவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வாசலில் அப்பாவைப் பார்க்க வந்த வியாபாரிகள் நாலு பேர்.

"எம்பொண்ணு பண்ணுவா பாருங்க" என்றார் அப்பா. "பாப்பா, உன் காம்ப எடுத்துக்கினு வா!"

நான் மரத்தடிக்குப் போனேன். புதிதாகத் தழைத்திருந்தது. நடுத்தரமான பச்சைக் காம்பாகப் பார்த்து ஒன்று ஒடித்தேன். வந்து நின்று அப்பாவைப் பார்த்தேன். பிறகு இன்ஜினைப் பார்த்தேன். அனல் அடித்தது. 'அப்பா, ஒரு மணி நேரம் சும்மா இருக்கணும்' என்று சொல்லியிருக்கலாம். என்னைக் குடைக்காம்பால் அடிக்க மாட்டார். ஆனால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் அந்த உள்ளங்கைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

"படுதாவக் கொண்டாரச் சொல்லுங்கப்பா" என்றேன். "எல்லாரும் தள்ளிப் போங்க. கரண்டு அடிக்கும்."

கட்டினார்கள். அதே படுதா. சிக்கு வாடை. உள்ளே அந்த மண்ணெண்ணெய் டின் கூட மூலையிலிருந்து கிடைத்தது. கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே அப்பா அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "சத்தம் போடாதீங்க. பாப்பா வேல செய்யிது."

எழுந்து, உள்ளங்கையை இன்ஜின் தலைமேல் வைத்தேன். ஒன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

காம்பை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்பேனரை எடுத்துப் பம்பரில் டங் என்று ஒரு தட்டு தட்டினேன். இன்னும் ஒரு மணி நேரம். அதற்கப்புறம் முதலில் மூன்றாவதைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.